உறுமல் ஆபீசில் ஒரு பிண வண்டி

பிணம் ஏற்றிப் போகிற வண்டியை மறித்து, "மூச்சு சரியில்லை" என்று சொல்லக்கூடிய ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள். வெறுமனே இல்லை, சம்பளத்தோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு கேட்டு, கேட்டுக்கு ஒரு காவலாளி, காவலாளி வாயில் ஒரு விசில். கட்டடத்தின் நெற்றியில் 'டீசல் எஞ்சின் நிலையோட்ட வேகத் தகவமைப்புக் கட்டுப்பாட்டு வாரியம்' என்று எழுதியிருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அதனால் சனங்கள் உறுமல் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள்.

சங்கதி இதுதான். வண்டி நகராமல் நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? விளக்கைப் போட்டால் அந்த ஓட்டம் கொஞ்சம் அமுங்கும், ஏசியைப் போட்டால் இன்னும் கொஞ்சம் அமுங்கும். அப்படி அமுங்காமல், எந்தப் பாரம் வந்தாலும் தானே கற்றுக்கொண்டு, ஒரே சீராக ஓட வைக்கிற கருவி ஒன்றை எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். நல்ல கருவி. மாட்டிவிட்டால் வாயைத் திறக்காமல் அதன் வேலையைப் பார்க்கும். ஆனால் வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிற ஒன்றைக் கண்டால் சிலருக்குப் பொறுக்காது. அதன் தலைமேல் ஏறி உட்கார ஒரு வாரியம் வேண்டும். உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த நாளிலிருந்து அந்தக் கருவியும் கெட்டது, அந்த ரோடும் கெட்டது.

சின்னவர் பிண வண்டி ஓட்டுகிறவர். அந்த ரோட்டில் எத்தனையோ முறை யார் யாரையோ ஏற்றிக்கொண்டு, அந்த விசிலில் மாட்டாமல் போயிருக்கிறார். அன்றைக்கு ஏற்றி வந்தது சொந்த அண்ணனை. பெரியவர் என்று எல்லாரும் சொல்கிற அந்த மனிதர் தையற்காரர். தையற்காரர் என்றால் சாதாரணத் தையற்காரர் இல்லை. வேர்வையோடு கடைக்குள் வருகிறவனுக்கு அளவெடுக்க மாட்டார். "போய்க் கழுத்தைக் கழுவிட்டு வாங்க, டேப்பு உங்களது இல்லை, என்னது" என்பார். தன் சட்டையைக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாற்றுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வந்த நோவு குடலை அழுக வைக்கிற நோவு. பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மனைவியின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "நம்ம சனங்க முன்னாடி என்னை நாற விட்டுறாதே."

ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஐஸ் பெட்டி ஓடுகிறவரைக்கும் பயமில்லை, நின்றுவிட்டால் இந்த வெயிலில் ரொம்ப நேரம் தாங்காது என்றார்கள். ஐஸ் பெட்டி சின்னவர் வண்டியின் பின்பக்கம் இருந்தது. எஞ்சின் ஓடினால் அதற்கும் கரண்டு வரும். ஊரில் குழி வெட்டி, சொந்தபந்தம் எல்லாம் காத்துக்கிடந்தது. பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அண்ணி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் பின்னால் கையை நீட்டி ஐஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உறுமல் ஆபீஸ் வாசலில் காவலாளி விசில் அடித்தான். வண்டியின் மூக்கில் காதை வைத்துக் கேட்டான். டாக்டர் கூட அவ்வளவு நேரம் கேட்க மாட்டார்.

"உள்ளே திருப்புங்க. வண்டி மூச்சு வாங்குது."

"உள்ளே படுத்திருக்கறவருக்குத்தான் மூச்சு இல்லை. வண்டிக்கு என்னடா கேடு?" என்றாள் அண்ணி.

"ஏத்த இறக்கமா உறுமுதும்மா. நீங்களே கேளுங்க. உம்... உம்ம்ம்... உம்."

"அது ஐஸ் பெட்டி மோட்டாரு இழுக்கறது தம்பி," என்றார் சின்னவர். "இழுக்கறப்ப அமுங்கும், அப்புறம் ஏறும். எல்லா வண்டியும் அப்படித்தானே?"

"எல்லா வண்டியும் அப்படித்தான்னுதானே வாரியமே வச்சிருக்கு?"

"செத்த வீடுப்பா. சனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"செத்தவங்களுக்குன்னு தனிச் சலுகை கிடையாதுங்க. உயிரோட இருக்கறவங்களுக்கே கிடையாது."

இதைப் பெருமையாகச் சொன்னான். கேட்டைத் திறந்தான். வண்டி உள்ளே இறங்கியது.

இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆபீஸ் ஒரு பள்ளத்தில் இருந்தது. மேலே ரோடு, கீழே மைதானம், நடுவில் ஒரு சரிவு. மைதானம் நிறைய வண்டிகள். ஒன்றுகூட நகரவில்லை, ஒன்றுகூட அணையவில்லை. அத்தனையும் நின்றபடி உறுமிக்கொண்டிருந்தன. புகை மேலே போக வழியில்லாமல் பள்ளத்திலேயே தேங்கிக் கிடந்தது. சுவரெல்லாம் கரி. மரத்து இலையில் கரி. டீக்கடைக்காரன் ஊற்றிக் கொடுத்த டீயின் மேல் கறுப்பாக ஒரு ஏடு. டிரைவர்கள் இருமிக் காறித் துப்பிய இடமெல்லாம் மை கொட்டின மாதிரி இருந்தது. கக்கூசு ஒன்று இருந்தது. அது நிரம்பி, வாசலைத் தாண்டி, ஊழியர்கள் நடக்கிற பாதைவரை வந்திருந்தது. ஊழியர்கள் செங்கல் போட்டு அதன்மேல் நடந்து போனார்கள். அதைச் சுத்தம் செய்யலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, செங்கல்லைத்தான் அழகாக வரிசையில் போட்டிருந்தார்கள்.

ஒரு மூலையில் தீயணைப்பு வண்டி நின்றது. அதன் ஆட்கள் குழாயைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மீன் வண்டி. அதன் பின்கதவிலிருந்து கறுத்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மீன்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"புதுசா?" என்றார்.

"ஆமா. எவ்வளவு நேரம் ஆகும்?"

மீன்காரர் சிரித்தார். "நான் வர்றப்ப இதுல மீனு துள்ளிக்கிட்டிருந்துச்சு."

ஊசி பார்ப்பவர் வந்தார். அவருக்கு வேலையே அதுதான். ஒரு காலில் நிற்கிற வட்டமான மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் வைப்பார், ஊசியைப் பார்ப்பார். பார்க்காத நேரத்தில் பேனா மூடியைக் காதுக்குள் விட்டுக் குடைவார், எடுத்து மோந்து பார்ப்பார், மறுபடி பேனாவில் மாட்டுவார். அப்படி மாட்டிவிட்டு, சின்னவர் வண்டியின் எஞ்சினில் கறுப்பாக ஒரு கருவியைப் பொருத்தி, ஒயரெல்லாம் இழுத்துக் கட்டி, அரக்கு முத்திரை வைத்தார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. மாணவர் படிக்க ஆரம்பிச்சுட்டார்."

"யாரு?" என்றார் சின்னவர், சுற்றுமுற்றும் பார்த்து.

"இவர்தான்." ஊசி பார்ப்பவர் கருவியைக் கும்பிடாத குறையாகக் காட்டினார். "நாங்க கருவின்னு சொல்றதில்லை. மாணவர். உங்க எஞ்சினோட குணத்தைப் படிச்சுப் படிச்சுக் கத்துப்பார். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு இந்த ஊசி காட்டும், எழுநூத்தம்பதுல அசையாம நின்னா பாஸ். அதுவரைக்கும் வண்டியை அணைக்கக் கூடாது, நகத்தக் கூடாது, முத்திரையைத் தொடக் கூடாது. தொட்டா மறுபடியும் ஒண்ணாம் வகுப்பு."

"பாஸாகலைன்னா?"

"பாஸாகற வரைக்கும் படிப்பார். படிப்புக்கு ஏதுங்க எல்லை?"

அப்போது ஐஸ் பெட்டி மோட்டார் இழுத்தது. ஊசி ஒரு துள்ளுத் துள்ளியது. ஊசி பார்ப்பவரின் முகம், சோற்றில் பல்லி விழுந்த மாதிரி ஆனது.

"என்னங்க அது பின்னாடி?"

"எங்க அண்ணன்."

"அப்படிச் சொல்லக் கூடாது. வெளியிலிருந்து வந்து ஊசியை அசைக்கிற எதுவா இருந்தாலும் எங்க பாஷையில அதுக்கு இடையூறுன்னு பேரு. உங்க அண்ணன் ஒரு இடையூறு."

அண்ணி முன்சீட்டிலிருந்து இறங்கினாள். "யாரைப் பார்த்து என்ன சொன்னே?"

"கோபப்படாதீங்கம்மா. நல்ல அர்த்தத்துலதான். இடையூறே இல்லைன்னா மாணவர் எதைப் பார்த்துப் படிப்பார்?"

"ஊருக்கெல்லாம் சட்டை தைச்சுக் குடுத்த மனுஷன்டா அவரு. உன்னை மாதிரிக் காதுக் குரும்பியை மோந்துக்கிட்டு நிக்கலை."

ஊசி பார்ப்பவர் பேனா மூடியைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. அந்த ஆபீசில் யாருக்கும் எதற்கும் கோபம் வராது. கோபம் வந்தால்தான் மனிதனை மடக்கலாம்.

வெயில் ஏறியது. சின்னவர் வண்டியின் நிழலில் கை பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சாவியைத் திருப்பினால் ஓடும், ஓடாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாழ்நாளெல்லாம் பிணத்தோடு பழகினவர். வெயிலுக்கும் பிணத்துக்கும் உள்ள கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். ஐஸ் பெட்டி மோட்டார் 'கொர்' என்று இழுக்கும்போதெல்லாம் அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதே நேரம் ஊசி துள்ளும். ஊசி துள்ளினால் போக முடியாது. இழுக்காவிட்டால் போய்ப் பிரயோசனமில்லை. மோட்டார் இழுக்க வேண்டும் என்று வேண்டுவதா, இழுக்கக் கூடாது என்று வேண்டுவதா என்று தெரியாமல் அந்த மனிதர் விழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கொஞ்சம் டீ குடிங்க."

"இதையா? இதை வச்சு வண்டிக்குப் பெயிண்ட்டு அடி."

திடீரென்று எஞ்சின் சத்தம் மாறியது. மாறியது என்பதைவிட, மாறாமல் ஆனது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. 'உம்' என்று ஒரே சுருதி. ஊசி எழுநூற்றைம்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஊசி பார்ப்பவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்புறம் செங்கல் வரிசை மேல் தாவித் தாவி ஆபீசுக்குள் ஓடினார்.

"பாஸாயிடுச்சு போலிருக்கு. ஏறுங்க அண்ணி," என்றார் சின்னவர்.

அண்ணி ஏறவில்லை. ஐஸ் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

"தம்பி, இது ஓடலைடா."

சின்னவர் குனிந்து பார்த்தார். பச்சை விளக்கு அணைந்திருந்தது. மோட்டாரில் உயிரில்லை.

ஊசி பார்ப்பவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். "பார்த்தீங்களா! ஐஸ் பெட்டிதான் இடையூறுன்னு மாணவர் தானே கண்டுபிடிச்சு, தானே ஒயரைத் துண்டிச்சுட்டார்! யாரும் சொல்லிக் குடுக்கலைங்க! எத்தனையோ மாணவர்களைப் பார்த்திருக்கேன், இப்படி ஒரு மூளை..."

"ஐயா, அதை ஓட விடுங்க. இல்லைன்னா எங்களைப் போக விடுங்க. பாஸாயிடுச்சில்ல?"

"போறதா? இந்த மைதானத்துல இதுவரைக்கும் பாஸான ஒரே வண்டி உங்களது! தலைவர் வந்து பார்க்கணும். வெளியிலேருந்து விருந்தாளிகள் வரப் போறாங்க, அவங்களுக்குக் காட்டணும். உங்க வண்டி இனிமே வண்டி இல்லைங்க, முன்மாதிரி."

சின்னவருக்குப் பொறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். வண்டி மெல்ல நகர்ந்தது. சரிவின் அடிவரை வந்தது. ஏற்றத்தில் ஏற வேண்டுமே என்று ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் 'உம்' என்றது. இன்னும் அழுத்தினார். 'உம்'. எழுந்து நின்று மிதித்தார். அதே 'உம்'. வண்டி ஏற்றத்தில் முன்சக்கரத்தை வைத்து, வெட்கப்பட்ட மாதிரி பின்னால் உருண்டு, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

ஊசி பார்ப்பவர் கைதட்டினார். "உங்க காலையும் இடையூறுன்னு கண்டுபிடிச்சுட்டார்! மிதிக்கறதாலதானே வேகம் ஏறுது? மிதிக்கறதை மதிக்கறதே இல்லைன்னு முடிவு பண்ணிட்டார். இனிமே இந்த வண்டியை யாராலும் கெடுக்க முடியாது."

பக்கத்தில் மீன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லவேளை, என் வண்டியில இருக்கற மாணவரு மக்கு. தினம் நாலு உதை குடுக்கறேன், படிப்பு ஏறவே இல்லை. அதனாலதான் என் வண்டி இன்னும் வண்டியா இருக்கு. அந்தக் கேட்டை மட்டும் எவனாவது திறந்தா ஒரே மிதி, மேலே போயிடுவேன்."

தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை. அந்தக் கரிக் கிடங்கில் அவர் சட்டை மட்டும் எப்படி வெள்ளையாக இருந்தது என்றால், அவர் வெளியே வருவதே இல்லை. அறைக்கு ஏசி, சன்னலுக்கு சீல். கையில் ஈரக் காகிதம் ஒரு கட்டு வைத்திருந்தார். எதையாவது தொட்டால் ஒன்றை எடுத்துத் துடைப்பார், கீழே போடுவார். எதையும் தொடாவிட்டாலும் துடைப்பார். வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்ததில், நடந்த இடமெல்லாம் காகிதம்.

அதற்குள் ஐஸ் பெட்டியின் விளிம்பிலிருந்து அது ஆரம்பித்துவிட்டது. முதலில் மீன் வண்டி நாற்றம் என்று எல்லாரும் நினைத்தார்கள். சின்னவர் நினைக்கவில்லை. அவர் மூக்குக்கு இரண்டும் வேறு. அண்ணியும் நினைக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி ஐஸ் பெட்டி மூடியின் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்று தலைவர் முன்னால் போய் நின்றாள். "ஊருல குழி வெட்டிக் காத்துக்கிட்டிருக்காங்க. வண்டியை நீங்களே வச்சுக்கங்க. ஆளை மட்டும் இறக்கிக் குடுங்க. தூக்கிட்டாவது போயிடறோம்."

தலைவர் ஊசி பார்ப்பவரைப் பார்த்தார். ஊசி பார்ப்பவர் பதறினார். "ஐயா, இடையூறை இறக்கிட்டா சாதனையே இல்லையே? இடையூறு உள்ளே இருந்தும் ஊசி அசையலைங்கறதுதானே விசேஷம்? வெறும் வண்டியில ஊசி நின்னா எவன் மதிப்பான்?"

"அது நியாயம்," என்றார் தலைவர். "அம்மா, உங்க வீட்டுக்காரர் இருக்கட்டும். விருந்தாளிங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"எப்ப வருவாங்க?"

"வர்றப்ப வருவாங்க. நாமளா போய் அவங்க வேகத்தை அசைக்கக் கூடாது." ஒரு காகிதத்தால் மூக்கைத் துடைத்தார். "இது என்ன வாசனை?"

"இடையூறுதாங்க ஐயா," என்றார் ஊசி பார்ப்பவர் பணிவாக.

"ஒரே சீரா இருக்கா?"

"இல்லைங்க ஐயா. ஏறிக்கிட்டே இருக்கு."

"அப்ப அதுக்கும் ஒரு மாணவரை மாட்டிடுங்க."

பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். தலைவர் ஏறி நின்றார். ஊழியர்கள் அரைவட்டமாகக் கூடினார்கள், மூக்கில் கைக்குட்டை. கைக்குட்டைகளும் கறுப்பு. தீயணைப்பு ஆட்களை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேட்டுக் காவலாளியும் கைதட்டுவதற்காகக் கேட்டைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றான்.

"நண்பர்களே! ஓடறது ஒரு பெரிய காரியமா? நாய் கூடத்தான் ஓடுது. எங்கேயும் போகாம, ஒரே சத்தத்துல, வேளாவேளைக்கு எண்ணெயைக் குடிச்சுக்கிட்டு, நாள் முழுக்க நிக்கறது இருக்கே, அதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை இந்த வாரியத்துல ஒவ்வொருத்தரும் பட்டுக்கிட்டிருக்கோம்!"

கைதட்டினார்கள்.

"நம்ம தீயணைப்பு வண்டி இங்கே படிச்சுக்கிட்டிருந்தப்ப கடைத்தெருவுல தீப் பிடிச்சுது. சனங்க கேட்டுக்கு வெளியே நின்னு கத்தினாங்க. நம்ம ஆளு ஒருத்தராவது எழுந்து சன்னல் பக்கம் போனாரா? போகலை! தீ என்ன ஆச்சு? தானா அணைஞ்சுது! எரிய ஒண்ணும் இல்லைன்னா எந்தத் தீயும் அணைஞ்சுதானே ஆகணும்? இதுக்குப் போய்ப் பதறினா ஊசி என்னத்துக்கு ஆகும்?"

தீயணைப்பு ஆள் ஒருவன் தரையைப் பார்த்தான். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"என்னையே எடுத்துக்கங்க. எங்க அம்மா சாகக் கிடந்தாங்க. வீட்டிலேருந்து போன் மேல போன். அது ஊசி பார்க்கிற வேளை. நான் எடுக்கலை. மறுநாளும் எடுக்கலை. மேலே இருக்கறவங்க பார்த்தாங்க. 'இவன் ஊசி எதுக்கும் அசையாது'ன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த மாசமே இந்த நாற்காலியைக் குடுத்தாங்க." தலைவர் ஒரு காகிதத்தை உருவிக் கண்ணைத் துடைத்தார். "எங்க அம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

மறுபடி கைதட்டல். எஞ்சின் 'உம்' என்றது. ஐஸ் பெட்டியின் இடுக்கிலிருந்து ஒரு திவலை தண்ணீர் கசிந்து, வண்டியின் தகட்டில் வழிந்து, தலைவர் நின்ற பெஞ்சுக்குப் பக்கத்தில் சொட்டியது. தலைவர் ஒரு ஈரக் காகிதத்தை அதன்மேல் போட்டார். பேச்சைத் தொடர்ந்தார்.

சின்னவர் அண்ணியைப் பார்த்தார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஐஸ் பெட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், காவலாளியின் இடுப்புச் சாவியைப் பார்த்தார், மறுபடி அண்ணியைப் பார்த்தார். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. அப்புறம் ஐஸ் பெட்டியின் மேல் குனிந்து, உள்ளே இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இவங்க முன்னாடிதாங்க. இவங்க எல்லாம் மனுஷங்க இல்லை. நம்ம சனங்க முன்னாடி இல்லை."

இடுக்கில் திணித்த சேலைத் தலைப்பை உருவினாள்.

"திறடா தம்பி."

சின்னவர் மூடியைத் திறந்தார்.

அதை எழுதினால் காகிதம் நாறும். அரைவட்டம் முதலில் கோணலாகி, அப்புறம் உடைந்து, அப்புறம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஊசி பார்ப்பவர் மீட்டரைத் தள்ளிவிட்டு ஓடி, செங்கல் தவறி, வாரியத்தின் சொந்தக் கக்கூசுத் தேக்கத்துக்குள் முழங்கால்வரை இறங்கினார். தலைவர் பெஞ்சிலிருந்து குதித்தார். கட்டுக் காகிதத்தையும் மூக்கில் ஒரே அடியாக அழுத்திக்கொண்டு, அம்மா சாவுக்கு ஓடாத ஓட்டத்தை அன்றைக்கு ஓடினார். காவலாளி சரிவில் ஏறி, பூட்டைத் திறந்து, கேட்டை ஆள்போகத் தள்ளிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் வாந்தி எடுத்தான். அப்போதும் விசில் வாயில்தான் இருந்தது.

தீயணைப்பு ஆட்கள் மட்டும் ஓடவில்லை. அவர்கள் இதைவிட மோசமானதை எல்லாம் பார்த்தவர்கள். ஒருவன் முன்னால் வந்து, "மூடுங்கண்ணே, நாங்க தூக்கறோம்" என்றான். சின்னவர் மூடினார். மீன்காரர் பின்கதவைத் திறந்து, அழுகின மீனையெல்லாம் ஒரு பக்கமாகக் காலால் தள்ளி இடம் பண்ணினார். நாலு பேருமாக ஐஸ் பெட்டியைத் தூக்கி அதற்குள் வைத்தார்கள்.

"அவரு ஏறுவாராடா இந்த வண்டியில?" என்றாள் அண்ணி. "வேர்வை நாத்தத்துக்கே மூஞ்சியைத் திருப்புவாரு."

"ஏறிட்டாரும்மா. நீங்க ஏறுங்க," என்றார் மீன்காரர்.

ஒரே மிதி. மக்கு மாணவர் கதறக் கதற மீன் வண்டி சரிவில் ஏறியது, பாதி திறந்திருந்த கேட்டை இடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. கீழே சின்னவரின் வண்டி ஆளில்லாமல், பிணமில்லாமல், டயர்களுக்கு நடுவே ஈரக் காகிதங்கள் பறக்க, எழுநூற்றைம்பதில் உறுமிக்கொண்டு நின்றது. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு அருவருப்பாக இருந்தது. சொந்த வண்டிதான். ஆனாலும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்ட வண்டி.

இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சொந்தபந்தம் எல்லாம் குழியைச் சுற்றி நின்றது. மீன் வண்டி உள்ளே நுழைந்ததும் கூட்டம் அப்படியே பின்வாங்கியது. பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன், வீட்டுக்கு மூத்தவர், கண் சிவக்க முன்னால் வந்தார். மீன் வண்டியைப் பார்த்தார், சின்னவரைப் பார்த்தார்.

"என்னடா இது?"

சின்னவர் பின்கதவைத் திறக்கப் போனார்.

"சொந்தமா பிண வண்டி வச்சிருக்கே. ஊரான் பிணத்தையெல்லாம் பூப் போல கொண்டுபோய் இறக்கறே. கூடப்பிறந்த அண்ணனுக்கு மீன் வண்டிதான் கிடைச்சுதா உனக்கு? நாத்தமே ஆகாத மனுஷனை இப்படி நாற வச்சுக் கொண்டுவந்து நிறுத்திட்டியேடா, பாவி!"

சின்னவர் வாயைத் திறந்தார். கேட்டு, விசில், ஊசி, மாணவர், தலைவர், அத்தனையும் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள், எல்லாரும் இரக்கப்பட்டிருப்பார்கள். ஆனால் அதைச் சொன்னால், ஐஸ் பெட்டி நின்றுபோனதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், இந்த நாற்றத்தில் எவ்வளவு மீனுடையது என்று அத்தனை பேரும் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் முடிவு பண்ணுவதற்குள் அண்ணி வண்டியிலிருந்து இறங்கினாள். இறங்கின வேகத்தில் நேராகச் சின்னவர் முன்னால் வந்து நின்று, ஊரே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"நல்லா கேளுங்கண்ணே! நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேளுங்க! வண்டி ரிப்பேருன்னான். வேற வண்டி பாருடான்னா, இந்தக் கண்றாவியைக் கூட்டிட்டு வந்து நிறுத்தறான். வழியெல்லாம் மீன் நாத்தம், என் குடலே வெளியே வந்துடுச்சு. இவனையெல்லாம் ஒரு தம்பின்னு..."

அவள் கண் சின்னவரின் கண்ணை ஒரு நொடி பிடித்தது. அவ்வளவுதான்.

"ஆமா," என்றார் சின்னவர் தலையைக் குனிந்துகொண்டு. "இதுதான் கிடைச்சுது. புத்தியில்லாம செஞ்சுட்டேன்."

மீன்காரர் எதையோ சொல்ல வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பேசாமல் போய்த் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஐஸ் பெட்டியை இறக்கி, பெரியவரைக் குழியில் வைத்தார்கள். மூத்தவர் திட்டினார், அவர் மகன் திட்டினான், பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டினார்கள். எல்லாருக்கும் மேலே அண்ணியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மண் விழுகிற சத்தத்தை அது மூடியது. அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, மீன் வண்டியையும் சின்னவரையும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். குழிப் பக்கம் ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை.